காதுக்குப் பின்னால் இருக்கும் மருந்து

முதல் முறை வலி வந்தபோது என் மனைவி ரொட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் மதிய இடைவேளை. ரொட்டியின் நடுப்பகுதி அவளுக்குப் பிடிக்காது, பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். சிவந்து முறுகிய ஓரம்தான் வேண்டும். என் ரொட்டியின் ஓரத்தையும் கேட்காமலே பிய்த்துக்கொள்வாள். அன்றைக்குக் கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் பாதி திறந்தபடி, கையில் ரொட்டியோடு, கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. கல்லைக் கடித்துவிட்டாளாக்கும் என்று நான் சிரித்தேன். மேஸ்திரியும் சிரித்தார்.

"என்ன கண்ணாடி, பல்லுக்கும் முலாம் போடணுமா?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் அவருடைய வழுக்கைக்கு முதலில் போடலாம் என்றிருப்பாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

நாங்கள் இருவரும் ஒரே முலாம் பட்டறையில் வேலை பார்த்தோம். குழாய்த் தலை, கதவுக் கைப்பிடி, நாற்காலிக் கால், எது வந்தாலும் தொட்டியில் முக்கி, கரண்டு கொடுத்து, பளபளவென்று ஆக்கி அனுப்புவோம். கொக்கியில் மாட்டுவது, முக்குவது, கரண்டு வைப்பது அவள் வேலை. டிரம் உருட்டுவது, தொட்டிக்கு அடியில் படியும் சேற்றைச் சுரண்டுவது என் வேலை. நான் எழுத்துக் கூட்டக் கற்றதே டிரம்மில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பதற்காகத்தான், அதுவும் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. அவள் கைபட்டு வெளியே வரும் சாமானில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அதனால் அவளுக்குக் கண்ணாடி என்று பேர் வந்தது.

ஆசிட் புகையை இழுக்கிற விசிறி ஓடத் தொடங்கினால் பட்டறையில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. எல்லாப் பேச்சும் கையால்தான். சுட்டுவிரலை மேல்நோக்கி ஆட்டினால் கரண்டை ஏற்று. உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் குறை. முஷ்டி பிடித்தால் நிறுத்து. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கினால் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் கவிழ்த்துக் காட்டுவாள், நான் தீயைக் குறைப்பேன். நான் பேச்சைக் கொஞ்சம் நீட்டினால் முஷ்டி பிடிப்பாள்.

தாடைக்குப் போகிற நரம்பில் கோளாறு என்றார்கள். பல்லில் ஒன்றும் இல்லை. ஒரு பல்லைப் பிடுங்கின பிறகுதான் அது தெரிந்தது, அது வேறு விஷயம். வலி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மெல்லும்போது வரும். பல் துலக்கும்போது வரும். கன்னத்தில் காற்றுப் பட்டால் வரும். வந்தால் பேச முடியாது, விழுங்க முடியாது. தலையைச் சாய்த்துக்கொண்டு, கன்னத்தைத் தொடாமல் கையை மட்டும் அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"கரண்டு அடிச்சா உதறிட்டு நகர்ந்துக்கலாம். இத எங்கங்க உதறுறது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்துவேன். ஜன்னலைச் சாத்துவேன். பிறகு வியர்த்துக்கொண்டு எதிரே உட்காருவேன். தொடக் கூடாது, பேசக் கூடாது. மருந்துக் கடைக்கு ஓடுகிற வலியாக இருந்தாலாவது ஓடிவிட்டு வரலாம். இது அதற்குள் போய்விடும். பிறகு மறுபடி வரும்.

மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் வலி குறையும், ஆளும் குறைந்துவிடுவாள். நடக்கும்போது சுவரைப் பிடிப்பாள். சூடான தொட்டிக்கு மேலே குனிந்து நிற்கிற வேலையில் தலை சுற்றுகிறவளை யார் வைத்திருப்பார்கள்? மேஸ்திரி அவளைத் துடைக்கிற பகுதிக்கு மாற்றினார். உட்கார்ந்த இடத்தில் துணியால் கைப்பிடிகளைத் துடைத்து அடுக்குவது. நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் அவள் துடைத்தது எல்லாம் வேறொருத்தி முக்கி எடுத்தது. "இதப் பாருங்க, ஓரமெல்லாம் மங்கலா இருக்கு" என்று ஒவ்வொன்றாகத் தூக்கி என்னிடம் காட்டுவாள். ஆபரேஷனுக்கு அவள் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கதவும் மூடியாயிற்று.

அப்படி இருக்கும்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பொண்ணைப் பார்த்தோம். பெரிய டாக்டருக்குக் கீழே வேலை செய்கிறவள். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் இருக்கும். புது முறை ஒன்று இருக்கிறது, சோதனையாகச் சிலருக்கு வைத்துப் பார்க்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். என் மனைவி எடுத்த எடுப்பில் சம்மதம் சொல்லவில்லை. தொட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கிறவள் இல்லை.

"முதல்ல அது என்னன்னு சொல்லும்மா தங்கச்சி."

"ஒரு சின்னப் படலம் அக்கா. நகத்துல பாதி கூட இருக்காது. காதுக்குப் பின்னால தோலுக்கு அடியில வெப்போம். அந்தப் படலத்துக்குள்ள ரொம்ப ரொம்பச் சின்னத் துகளா மருந்த அடைச்சு வெச்சிருக்கோம். மாவு தூள் இருக்குல்ல, அதுல ஒரு தூளை எடுத்து ஆயிரமா உடைச்சா எப்படியோ அப்படி."

"அது கரைஞ்சு போயிடாதா?"

"தானா வெளிய வராது. கரண்டு கொடுத்தாத்தான் வரும். லேசான கரண்டு, உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கொடுத்தா படலம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மருந்து கசியும், நேரா அந்த நரம்பு மேலேயே. நிறுத்தினா மூடிக்கும். மாத்திரை மாதிரி உடம்பு பூரா சுத்தாது. தலை சுத்தாது."

"படலம் எதுல?"

"பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் பட்டறையில் கொக்கிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போடுவதே கரண்டு போகக் கூடாது என்பதற்காகத்தான். "பிளாஸ்டிக்ல கரண்டு போகாதே தங்கச்சி. யாரை ஏமாத்துற?"

அந்தப் பொண்ணு வாய்விட்டுச் சிரித்தாள். "இதுல போகும்க்கா. இது வேற ஜாதி பிளாஸ்டிக். வாங்க, காட்டுறேன்."

மாடியில் ஒரு அறைக்குக் கூட்டிப்போனாள். மேசையில் தம்ளர் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குவளை. அதில் ஏதோ திரவம். சின்னத் தகடு ஒன்றைக் கிளிப்பில் மாட்டி உள்ளே முக்கினாள். இன்னொரு கம்பியை எதிரே விட்டாள். பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினாள். தகட்டின் மேல் மெல்ல மெல்லக் கருப்பாகப் படிய ஆரம்பித்தது.

என் மனைவி தொடையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க! இது நம்ம வேலைங்க!"

அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. குனிந்து, கண்ணைக் குவளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இவ்வளவு கருப்பா வந்தா எங்க மேஸ்திரி தூக்கி மூஞ்சில அடிப்பாரு" என்றாள். "எங்களுக்குக் கருப்பா வந்தாத்தான் நல்லது" என்றாள் அந்தப் பொண்ணு. இருவரும் சமையலறையில் பேசிக்கொள்கிற மாதிரி பேசிக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் முக்கணும், தகட்டை எதில் கழுவுறீங்க, கை படலாமா என்று அவள் கேட்கக் கேட்க அந்தப் பொண்ணு சொல்லிக்கொண்டே வந்தாள். கீழே இறங்கி வரும்போது என் மனைவி முடிவு எடுத்திருந்தாள்.

"தொட்டில முக்கி எடுத்ததுதானே. அதோட எனக்குப் பழக்கம் இருக்குங்க" என்றாள்.

வைத்தார்கள். காதுக்குப் பின்னால், முடி மறைக்கிற இடத்தில், கடுகளவு இரண்டு உலோகப் புள்ளிகள் மட்டும் தோலுக்கு வெளியே தெரியும். கையடக்கமாக ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதில் இரண்டு முனைகள், ஒரு பொத்தான், சின்னதாக ஒரு எழுத்துத் திரை. முனைகளைப் புள்ளிகளில் பொருத்திப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. அவளுக்குக் காதுக்குப் பின்னால் பார்க்க முடியாது என்பதால் பெட்டி என் கையில். வலி வரும். அவள் பேச மாட்டாள். சுட்டுவிரலை மேலே ஆட்டுவாள். நான் அழுத்துவேன். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும். பிறகு கழுத்து. பிறகு முஷ்டி பிடித்துக் காட்டுவாள், போதும் என்று.

முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில், நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது என் தட்டிலிருந்து ரொட்டி ஓரத்தைப் பிய்த்தாள். கேட்காமல். நான் அவள் பக்கம் திரும்பாமல் பொத்தானைப் போட்டேன். கண் வைத்துவிடுவேனோ என்று பயம். முறுக் முறுக்கென்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டி கேட்டபோதெல்லாம் கொடுத்துவிடாது. ஒரு முறை கொடுத்தால் இத்தனை நேரத்துக்கு இனிக் கிடையாது என்று அதற்கு ஒரு கணக்கு இருந்தது. அவசரப்பட்டு அழுத்தினால் திரையில் 'பொறுங்கள்' என்று எழுத்து வரும். நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்வேன். "பெட்டி இல்லங்க அது, நம்ம மேஸ்திரி. லீவு கேட்டா அவரும் இதைத்தான் சொல்றாரு" என்பாள் அவள். மேஸ்திரியிடமே இதைச் சொன்னாள். அவர் அதன்பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் கையைக் கூப்பி "பொறுங்கள்" என்பார். அவளை மறுபடி தொட்டிக்கு அனுப்பினார். கைப்பிடிகள் மறுபடி முகம் காட்டத் தொடங்கின.

நன்றாகப் போனது. நன்றாகப் போனதைப் பற்றி என்ன சொல்ல? வலி இல்லாத நாள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு காலையில் அழுத்தினேன். 'பொறுங்கள்' என்றது. முந்தின நாளிலிருந்து தொடவே இல்லை. மறுபடி அழுத்தினேன். பொறுங்கள். அவள் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். முனையைத் துடைத்துவிட்டு அழுத்தினேன். வேட்டியால் பெட்டியைத் துடைத்து அழுத்தினேன். பொறுங்கள், பொறுங்கள். அன்றைக்கு வலி தானாக வந்து தானாகத்தான் போனது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆராய்ச்சிப் பொண்ணு எங்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வேறு ஊரில், வேறு யாருக்கோ வைத்த பெட்டி சொன்னபடி கேட்காமல் மருந்தை ஒரேயடியாகத் திறந்துவிட்டிருக்கிறது. அந்த ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் வாய் கோணிவிட்டது. அதனால் எல்லாப் பெட்டியையும் மேலிடத்தில் தூரத்திலிருந்தே பூட்டிவிட்டார்கள். விசாரணை முடிந்து, தப்பு எங்கே என்று தெரிந்த பிறகுதான் திறப்பார்கள்.

"எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. நெஜமாவே தெரியல."

"இந்த ஒரு பெட்டிய மட்டும் நீ திறந்து குடுத்துடேன்" என்றாள் என் மனைவி. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என்னால திறக்க முடியாதுக்கா. முடிஞ்சா திறந்திருப்பேன். சாவி என்கிட்ட இல்ல. பெரிய டாக்டர்கிட்டயும் இல்ல."

"மருந்து இருக்கா, தீர்ந்துடுச்சா?"

"இருக்குக்கா. நெறைய இருக்கு. பாதிக்கு மேல இருக்கும்."

என் மனைவி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள். "எங்க இருக்கு? இங்கதானே? என் தோலுக்குள்ள, என் எலும்பு மேல. என் மருந்து எங்கிட்ட இருக்கு, ஆனா நான் எடுத்துக்கக் கூடாது. அப்படித்தானே?"

அந்தப் பொண்ணு தரையைப் பார்த்தாள். கோட்டுப் பையில் கைவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்தாள். பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகும் பல தடவை போனோம். முதலில் இருவரும் போனோம், பிறகு அவள் மட்டும் போனாள், பிறகு அவளுக்கு முடியாமல் நான் மட்டும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு வெளியே வந்து நின்று பதில் சொல்வாள். ஒளிந்துகொள்ள மாட்டாள், அதற்காகவே அவளைத் திட்ட முடியவில்லை. மாத்திரைக்கும் வலி அடங்குவது குறைந்தது. வேலைக்குப் போவது நின்றது. மேஸ்திரி கைகூப்பிப் "பொறுங்கள்" என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "சாப்பிடுதா?" என்று மட்டும் கேட்டார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, ஓரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, குழைத்துக் கொடுத்தேன். அதையும் நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கி விழுங்குவாள். பாதி நாள் அதுவும் இல்லை. வெட்டிய ஓரத்தை நான் வெளியே போய் நின்று தின்றேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று பின்னால் திருப்பிப் பார்த்தேன். பேட்டரியே இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் ரொட்டி. ஓரத்தோடு. மென்றுகொண்டிருந்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"பெட்டி திறந்துருச்சா?" என்று கத்தியே விட்டேன்.

"பெட்டி எதுக்கு?" என்றாள். மடியில் கடிகாரத்தின் பேட்டரி கிடந்தது. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், பட்டறையில் சின்னச் சாமானுக்கு மாட்டுகிற கிளிப்போடு. "அந்தப் பொண்ணு சொல்லிச்சில்ல, லேசான கரண்டு போதும்னு. இதவிட லேசா எங்க கிடைக்கும்? கண்ணாடியில பார்த்துப் பார்த்து வெச்சேன். ரொம்ப நேரம் தேடினேங்க, புள்ளிய. பட்ட உடனே தெரிஞ்சுது."

"வேணாம்மா. அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லும்?"

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கையிலிருந்த ரொட்டியில் இன்னொரு கடி கடித்தாள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் நான் என்ன பேச? புதுப் பேட்டரி ஒன்று வாங்கிவந்து கடிகாரத்தில் போட்டேன்.

சில நாள் அப்படியே ஓடியது. பிறகு கம்பி வைத்தாலும் வலி முழுதாக அடங்கவில்லை. பிறகு பாதி. பிறகு, அடங்கின மாதிரி இருக்கும், விரலை எடுக்கும் முன்னால் திரும்பி வந்துவிடும். அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். படுத்திருக்கும்போதும் விரல்கள் கொக்கி மாட்டுகிற மாதிரி அசையும்.

பட்டறைக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் என்னை எதிரே உட்காரச் சொன்னாள். வலி இல்லாத நேரம். தெளிவாகப் பேசினாள்.

"நம்ம கைப்பிடி ஒண்ணு சரியா வரலன்னா என்னங்க பண்ணுவோம்?"

"உரிப்போம்."

"எப்படி?"

"கம்பிய மாத்தி மாட்டுவோம்." கரண்டைத் தலைகீழாகக் கொடுத்தால் பூசின முலாம் முழுக்கத் தொட்டியிலேயே கழன்றுவிடும். பட்டறையில் நடக்காத நாளே கிடையாது.

"பூசுறப்ப கரண்டு கூடினா கருகும். உரிக்கிறப்ப?"

"உரிக்கிறப்ப எவ்வளவு வேணா குடுக்கலாம்."

"அவ்வளவுதான். அதுவும் கரண்டு குடுத்துப் பூசினதுதானே. நம்ம கண்ணு முன்னாடிதானே பூசிச்சு. கொஞ்சம் கொஞ்சமா கேட்டா வர மாட்டேங்குது. மாத்தி மாட்டினா படலமே கழன்று மருந்து மொத்தமா வெளிய வந்துரும். ஒரே தடவ. அதுக்கப்புறம் நரம்பு மரத்துப் போனாலும் போகட்டும், வாய் கோணினாலும் கோணட்டும். அந்த ஆளுக்கு வாய்தானே கோணிச்சு, வலி இல்லையே."

அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. தொட்டியைப் பற்றி அவள் சொல்லித் தப்பாகப் போனதே இல்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். "இன்னிக்கு வேணாமே" என்றேன். அவள் முஷ்டி பிடித்துக் காட்டினாள். பிறகு சேர்த்து வைத்திருந்த பேட்டரிகளை ஒன்றின் பின் ஒன்றாக வைத்துக் கட்டினாள், கம்பியை மாற்றி மாட்டினாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே காதுக்குப் பின்னால் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நாக்கில் காசு வைத்த ருசி வருகிறது என்றாள். எடுக்கவில்லை. உரிக்கும்போது பாதியில் எடுக்கக் கூடாது.

காத்திருந்தோம். கன்னம் மரக்கும் என்று அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மரக்கவில்லை. வாய் கோணவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. சாயங்காலம் வலி வந்தது. கம்பியைப் பழையபடி நேராக மாட்டினாள். ஒன்றுமில்லை. முன்பு கொஞ்சம் இருந்த அந்தக் கொஞ்சமும் இல்லை.

அதற்கு மறுவாரம் ஆராய்ச்சிப் பொண்ணு எங்கள் வீட்டுக்கே வந்தாள். ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் தெருவின் பெயரை வைத்து வீடு வீடாகக் கேட்டு வந்திருக்கிறாள். படியேறி வந்த மூச்சு வாங்கலோடு வாசலில் நின்று, "அக்கா, திறந்தாச்சு!" என்றாள். விசாரணை முடிந்துவிட்டது. தப்பு அந்த ஒரு பெட்டியில்தான். மற்ற எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். போனில் சொல்லாமல் நேரில் சொல்ல வேண்டும் என்று வந்தாளாம். "எங்க பெட்டி? எடுங்க, எடுங்க."

என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இருவர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தாள். முடியை விலக்கி, முனைகளைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினாள். திரையில் 'பொறுங்கள்' வரவில்லை. 'தொடர்பு இல்லை' என்று வந்தது. முனைகளைக் கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். தொடர்பு இல்லை. பையிலிருந்து வேறு ஒரு கருவியை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதன் கோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

"என்னக்கா பண்ணினீங்க?" என்றாள் மெதுவாக.

என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். கடிகாரப் பேட்டரி, கம்பி, மாற்றி மாட்டியது. மறைக்கவில்லை. அந்தப் பொண்ணு கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

"இது முலாம் மாதிரி உரியாதுக்கா. பூசுறது ஒண்ணுபோலத்தான், ஆனா கழலாது. தலைகீழா, அவ்வளவு கரண்டு குடுத்தா அது கரண்டு கடத்துறதையே விட்டுடும். வெறும் பிளாஸ்டிக் ஆயிடும். கதவு சுவராயிட்ட மாதிரி. மருந்துத் துகள் எல்லாம் உள்ளேயே..." நிறுத்திக்கொண்டாள்.

"இன்னும் உள்ள இருக்கா?"

"பாதிக்குக் கிட்ட இருக்கும்க்கா."

"வெளிய எடுத்துட்டுப் புதுசு வெக்க முடியாதா?" என்று நான் கேட்டேன்.

"எடுக்கலாம்ண்ணே. புதுசு இல்ல. ஏற்கெனவே வெச்சவங்களுக்கு உள்ள இருக்கிற மருந்து தீர்ற வரைக்கும்தான் அனுமதி. இனிப் புதுசா யாருக்கும் வெக்கக் கூடாதுன்னுட்டாங்க." கருவியைப் பையில் வைத்துக்கொண்டே, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள்.

"கேட்டேனேம்மா" என்றாள் என் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. "எத்தனையோ தடவ கேட்டேனே."

பேசியிருக்கக் கூடாது. பேசினதே போதுமாக இருந்தது. வார்த்தை முடியும் முன்னால் அவள் வாய் பாதியில் நின்றது. கை கன்னத்துக்குப் பக்கத்தில் போய், தொடாமல் நின்றது. நான் எழுந்தேன். அதற்குள் அந்தப் பொண்ணு எழுந்து மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். நான் ஜன்னலைச் சாத்தினேன். அறையில் காற்று செத்தது. மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு அப்படியே இருந்தோம். அந்தப் பொண்ணு புத்தகத்தில் வலியைப் படித்தவள், இவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க மாட்டாள் போல. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

என் மனைவியின் மற்றொரு கை மடியிலிருந்து எழுந்தது. சுட்டுவிரல் மேல்நோக்கி ஆடியது.

"அக்கா என்ன சொல்றாங்கண்ணே?" என்று கிசுகிசுத்தாள் அந்தப் பொண்ணு.

"கரண்டை ஏத்தச் சொல்றா."

பெட்டி இனி வேலை செய்யாது என்று என் மனைவிக்கும் தெரியும், செய்ததை எல்லாம் இப்போதுதானே தன் வாயால் சொன்னாள். தெரிந்துதான் கேட்கிறாளா, வலியில் விரல் தன் பழக்கத்துக்கு ஆடுகிறதா, எனக்குத் தெரியவில்லை. விரல் நிற்கவில்லை. அந்தப் பொண்ணு கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். நான் என் மனைவியின் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். முடியை விலக்கி, முனைகளை அந்த இரண்டு புள்ளிகளிலும் எப்போதும் போலப் பொருத்தினேன்.

அழுத்தினேன். திரையைப் பார்க்கவில்லை. அவள் முஷ்டி பிடிப்பதற்காகக் காத்திருந்தேன். விரல்தான் ஆடியது. மறுபடி அழுத்தினேன்.